பழுது பார்க்கலாம், இடிந்தால் எழுப்பக் கூடாது!

"30 நாளுக்குள் ஆட்சேபணை தர வேண்டுமாமே, எங்கள் வீட்டுக்குமா?" சிவாஜிநகர் வாசகர்களின் கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி இது. தேசிய நினைவுச் சின்னங்கள் ஆணையம் ஒரு சின்னத்துக்கான வரைவுத் துணைவிதிகளை வெளியிட்டால், கருத்துச் சொல்லக் கிடைக்கும் அவகாசமே அந்த 30 நாள். பெங்களூரு நகருக்குள் இதில் சிக்குபவை சிவாஜிநகர் வீடுகள் அல்ல. திப்பு அரண்மனையையும் கோட்டையையும் ஒட்டிய வீடுகள்.

நினைவுச் சின்னங்களைப் பாதுகாக்கும் 1958ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு 2010இல் வந்த திருத்தப்படி, முதல் 100 மீட்டர் தடைப் பகுதி, அடுத்த 200 மீட்டர் ஒழுங்குமுறைப் பகுதி. டேப்பை அரண்மனைச் சுவரில் பிடிக்காதீர்கள். பாதுகாக்கப்பட்ட எல்லையின் விளிம்பிலிருந்தே கணக்கு தொடங்கும்.

சூட்சுமம் வரையறைகளில் இருக்கிறது. இருக்கும் வீட்டில் மாற்றம் செய்தால் அது பழுதுபார்ப்பு அல்லது புதுப்பிப்பு. அதே நீள, அகல, உயரத்தில் திரும்பக் கட்டினால் மறுகட்டுமானம். ஓர் அறையோ மாடியோ சேர்த்தால் கட்டுமானம். 100 மீட்டருக்குள் வீட்டுக்காரர் மனுப் போட வழியிருப்பது முதலாவதற்கு மட்டும். அதுவும் 1992 ஜூன் 16க்கு முன்பே இருந்த வீட்டுக்கு, அல்லது பிறகு தொல்லியல் துறைத் தலைமை இயக்குநரின் ஒப்புதலோடு கட்டியதற்கு.

ஆக, விரிசல் விட்ட சுவரைப் பூச அனுமதி கேட்கலாம். வீடே சரிந்துவிட்டால், பழைய அளவிலேயே எழுப்பவும் வழியில்லை. மனு ஆணையத்துக்குப் போக 15 நாள், ஆணையம் பார்க்க இரண்டு மாதம், தகுதி பெற்ற அதிகாரி முடிவெடுக்க மேலும் ஒரு மாதம் என்பது சட்டத்தின் கணக்கு. ஒழுகும் கூரை அதுவரை காத்திருக்க வேண்டும். இதற்குப் பெயர் பாதுகாப்பு. 2018 ஜனவரியில் மக்களவை நிறைவேற்றிய திருத்த மசோதா தடைப் பகுதியில் விலக்குத் தர முனைந்தது மத்திய அரசின் பொதுப்பணிகளுக்கு, வீட்டுக்காரருக்கு அல்ல.

செயின்ட் மேரி பசிலிக்கா, ரஸ்ஸல் மார்க்கெட் அருகே வீடு? அவை மத்திய அரசு பாதுகாக்கும் சின்னங்களின் பட்டியலில் இல்லை. இந்த 300 மீட்டர் பொருந்தாது.

மாநகராட்சி பிளான் அனுமதி போதுமா? 300 மீட்டருக்குள் போதாது.

மனுவை மறுத்தால்? மறுக்கும் முன் உங்கள் தரப்பைக் கேட்க வேண்டும். அதன் பிறகு உயர் நீதிமன்றம்.

மீறினால்? இரண்டாண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

எல்லைக்குள் வீடு இருப்பவர்கள் 1992க்கு முந்தைய வரி ரசீதுகளைத் தேடி எடுத்து வையுங்கள். சுவர் நிற்கும்போதே மனுக் கொடுத்துவிடுங்கள்.