கணினியின் மின்வழங்கிப் பெட்டியை மாற்றுமுன்

ஜாசின் வட்டாரத்தில் நம்மில் பலர் பழைய டெல், எச்.பி. மேசைக் கணினிகளை வாங்கிப் பிள்ளைகளுக்குத் தருவதுண்டு. அதில் கிராபிக்ஸ் கார்டு பொருத்த விரும்பினால், பவர் சப்ளை எனப்படும் மின்வழங்கிப் பெட்டியை முதலில் கவனிக்க வேண்டும். வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட்டாகக் குறைத்துத் தருவது அப்பெட்டியே. தாய்ப்பலகையில் கார்டைச் செருகும் இடம் 75 வாட் வரைதான் தரும். அதற்கு மேல் வேண்டுமானால் பெட்டியிலிருந்து தனி வயர் வரவேண்டும்.

வாட் கூடுதலாக இருந்தால் போதும் என்று கடையில் கிடைப்பதை வாங்கிவிடக் கூடாது. 1990களின் இறுதியில் வந்த டெல் கணினிகள் பலவற்றில் 20 முனைப் பிளக், பொதுப் பிளக்கைப் போலவே இருக்கும். வயர்களின் வரிசையோ வேறு. அறியாமல் பொதுப் பெட்டியைச் செருகினால் தாய்ப்பலகை கெட்டுவிடக்கூடும். பின்னாளில் வந்த சில கணினிகளில் பிளக்கின் முனைகளே ஆறு அல்லது எட்டுதான்; பெட்டியின் வடிவமும் வேறு.

ஆகவே, பழைய பெட்டியில் ஒட்டியுள்ள மாடல் எண்ணைக் குறித்துச் சென்று, அளவு, திருகுத் துளை, பிளக், வயர் வரிசை நான்கும் பொருந்துமா என்று கேட்டு வாங்குவோம். மாற்றுமுன் சுவர்ப் பிளக்கைக் கழற்றிவிடுவோம். பெட்டியின் மூடியை மட்டும் ஒருபோதும் திறக்கலாகாது. மின்சாரத்தை நிறுத்திய பின்னும் உள்ளிருக்கும் மின்தேக்கிகளில் உயிருக்கு ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கலாம்.