புது டிராக்டரில் புதுச் சத்தமா? வாரண்டி முடியும் முன்பே கவனியுங்கள்

கடன் பெற்று டிராக்டர் வாங்கும் சிறு விவசாயிக்கு முதல் இரண்டு உழவுப் பருவங்கள் சோதனையான காலம். தவணையும் கட்ட வேண்டும், வண்டியையும் காப்பாற்ற வேண்டும். இந்நிலையில் என்ஜினில் வழக்கத்துக்கு மாறான சத்தம் கேட்டால், "புது வண்டிதானே, போகப் போகச் சரியாகிவிடும்" என்று ஓட்டிக்கொண்டிருக்கக் கூடாது. அவசரப்பட்டுப் பக்கத்துப் பட்டறையில் பிரித்துப் பார்க்கவும் கூடாது. முன்னதால் என்ஜின் கெடும். பின்னதால் வாரண்டி கெடும்.

சத்தத்தை இனம் காணுதல்

காலையில் குளிர்ந்த என்ஜின் ஓடத் தொடங்கும்போது சற்றுக் கடகடப்பது டீசல் வண்டிக்கு இயல்பு. சூடேறியதும் அது குறைய வேண்டும். சூடான பிறகும் என்ஜினின் மேல்பாகத்தில் 'டிக் டிக்' என்று சீராகக் கேட்டால் டாப்பெட் இடைவெளி கூடியிருக்கலாம். சுமை ஏறும்போது சுத்தியலால் தட்டுவது போன்ற சத்தமும் புகையும் சேர்ந்து வந்தால் நாசிலிலோ டீசல் பம்ப்பிலோ கோளாறு இருக்கலாம். 'கிரீச்' என்ற சத்தத்துக்குப் பெரும்பாலும் விசிறி பெல்ட்டின் தளர்ச்சியே காரணம். 'புஸ் புஸ்' என்று கேட்டால் புகைக்குழாய் இணைப்பில் கசிவு இருக்கலாம்.

அடிப்பாகத்திலிருந்து கனத்த 'தட் தட்' சத்தம் வந்தாலோ, ஆயில் அழுத்த எச்சரிக்கை விளக்கு எரிந்தாலோ என்ஜினை உடனே நிறுத்திவிட வேண்டும். பேரிங்குக்கு எண்ணெய் எட்டவில்லை என்பதற்கு இது அறிகுறி. இந்த ஒரு சால் முடியட்டும் என்று ஓட்டினால் கிராங்க் ஷாப்ட்டே பழுதாகிவிடும்.

விவசாயியே பார்க்கக் கூடியவை

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, என்ஜின் நின்று சிறிது நேரம் கழித்து ஆயில் குச்சியை எடுத்துப் பார்க்க வேண்டும். எண்ணெய் இரு கோடுகளுக்கு இடையே இருக்க வேண்டும்; அளவுக்கு மேல் ஊற்றுவதும் கெடுதியே. என்ஜின் ஆறிய பின் ரேடியேட்டர் நீர், பெல்ட்டின் இறுக்கம், ஏர் கிளீனர் ஆகியவற்றைச் சோதிக்கலாம். ஏர் கிளீனர் குழாயில் சிறு விரிசல் இருந்தாலும் புழுதி உள்ளே சென்று லைனரையும் ரிங்கையும் தேய்த்துவிடும். இத்தகைய தேய்மானத்தைப் பராமரிப்புக் குறை என்று கூறி, நிறுவனத்தார் வாரண்டியை மறுக்க இடமுண்டு.

டீசல் பம்ப்பின் சீலை உடைப்பது, நாசிலைக் கழற்றுவது, ஹவர் மீட்டரின் இணைப்பைத் துண்டிப்பது ஆகியவை அறவே கூடாது.

எல்லாம் எழுத்தில் இருக்கட்டும்

வாரண்டி என்பது பொதுவாக மாதக் கணக்கு, மணிக் கணக்கு இரண்டில் எது முன்னர் முடிகிறதோ அதுவரைதான். முதல் சர்வீஸ் பெரும்பாலும் 50 மணி ஓட்டத்தில் வரும். அதையும் அடுத்த சர்வீஸ்களையும் தவறாமல் செய்து, கையேட்டில் முத்திரை பெற வேண்டும்.

சத்தம் கேட்ட நாள், ஹவர் மீட்டர் அளவு, சுமையிலா சும்மா ஓடும்போதா என்ற விவரம் ஆகியவற்றைக் குறித்து வைக்க வேண்டும். கைப்பேசியில் சத்தத்தைப் பதிவு செய்வதும் நல்லது. பட்டறைக்கு வந்ததும் சத்தம் நின்றுபோவது உண்டு. அப்போது இப்பதிவு கைகொடுக்கும். ஜாப் கார்டில் "பொது சர்வீஸ்" என்று எழுதினால் ஒப்புக்கொள்ளாமல், "என்ஜினில் சத்தம்" என்றே எழுதச் செய்து நகல் பெற வேண்டும். வாரண்டி முடிவதற்குள் எழுத்தில் புகார் பதிவானால், பின்னர் அதே கோளாறு வளர்ந்தாலும் வாதாட ஆதாரம் இருக்கும்.

தீர்வு கிடைக்காவிட்டால்

விற்பனையாளர் காலம் கடத்தினால், தயாரிப்பு நிறுவனத்துக்கு விரைவு அஞ்சலில் கடிதம் அனுப்பலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் பலனில்லையேல், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். வண்டியை வாங்கிய ஊர் எதுவானாலும், விவசாயி குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். பிழைப்புக்காகத் தாமே உழைத்துப் பயன்படுத்தும் டிராக்டர் வணிகப் பயன்பாடாகக் கருதப்படுவதில்லை.

உழவு தொடங்கும் முன்பே வண்டியை ஒருமுறை ஓட்டி, சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டால், ஈரம் காயும் நாளில் பட்டறை வாசலில் காத்துக் கிடக்க வேண்டியதில்லை.