குப்பைச் சாம்பல் சாலைக்கு உரமாகுமா?

தேக்காவை ஒட்டியுள்ள ரோச்சோர் கால்வாய் வட்டாரத்தில் நிலத்தடியில் கடற்களிமண் உண்டு. நீர் நிறைந்த அந்த மண் பாரம் தாங்காமல் அமிழும். சிமெண்ட் கலந்தால் இறுகும். ஆனால், சிமெண்ட் தயாரிப்பு ஏராளமான கரியமில வாயுவை வெளியேற்றுகிறது.

அதனால் பொறியாளர்கள் ஆலைக் கழிவுகளை நாடுகின்றனர். பொடியாக்கிய இரும்பாலைக் கசடு, சுண்ணாம்புடன் சேர்ந்தால் சிமெண்டைப்போல் மண் துகள்களைப் பிணைக்கும்.

சிங்கப்பூரில் பெருகிக் கிடப்பது குப்பைச் சாம்பல். குப்பையை எரித்தால் அதன் கன அளவு ஏறத்தாழ 90 விழுக்காடு குறைகிறது. எஞ்சும் சாம்பல் செமாக்காவ் தீவுக்குச் செல்கிறது. 1999ல் இயங்கத் தொடங்கிய அந்த ஒரே குப்பை நிரப்புநிலம் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்பது கணிப்பு.

எனவே, தேசியச் சுற்றுப்புற வாரியம் பதப்படுத்திய சாம்பலுக்கு ‘நியூசேண்ட்’ எனப் பெயரிட்டு, தானா மேரா கோஸ்ட் சாலையின் ஒரு பகுதியில் சோதித்தது.

சாலை உறுதியாக இருந்தால் மட்டும் போதாது. சாம்பலில் உள்ள கன உலோகங்கள் மழைநீரில் கசியக்கூடாது. நம் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. அங்கு பெய்யும் மழையைத்தான் சேமித்துக் குடிக்கிறோம்.