ஆயுத பூஜை லீவுக்கு அந்தமான் டிரிப்பா? கே.ஜி.எஃப்-ல் இருந்து கிளம்பும் முன் இந்த வானிலைக் கணக்கைப் பாருங்க

காலையில் மாரிக்குப்பத்தில் ரயில் பிடித்து, பங்காரப்பேட்டை வழியாக பெங்களூருவுக்கு வேலைக்குப் போய், இரவு வீடு திரும்பும் கோலார் தங்கவயல் இளைஞரா நீங்க? அப்படின்னா வருஷத்தில் சேர்ந்தாற்போல் நாலு நாள் லீவு கிடைப்பது ஆயுத பூஜை வாரத்தில்தான். ‘இந்த முறை அந்தமான் போகலாமா?’ என்ற பேச்சு நண்பர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் கிளம்புவதும் அப்போதுதான். 2024-ல் ஆயுத பூஜை அக்டோபர் 11 அன்று வந்தது. 2025-ல் அக்டோபர் 1. இந்த நேரத்தில் அங்கே வானிலை எப்படி இருக்கும்? டிக்கெட் போடும் முன் தெரிந்துகொள்வோம்.

கிட்டத்தட்ட ஒரே அட்சரேகை, ஆனா வேற வானிலை. ஏன்?

மேப்பைப் பாருங்க. கே.ஜி.எஃப் சுமார் 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஹேவ்லாக் என்று நாம் சொல்லும் ஸ்வராஜ் தீவு சுமார் 12 டிகிரியில். வித்தியாசம் ஒரே ஒரு டிகிரிதான். அக்டோபரில் ரெண்டு ஊருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு வெயில்தான் விழுகிறது.

வித்தியாசத்துக்கு முதல் காரணம் உயரம். கே.ஜி.எஃப் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி குறையும். அதனால்தான் அக்டோபர் ராத்திரியில் ராபர்ட்சன்பேட்டையில் 20 டிகிரிக்குக் கீழே இறங்கி, போர்வை தேட வேண்டியிருக்கிறது. ரெண்டாவது காரணம் கடல். தண்ணீர் மெதுவாகச் சூடாகி மெதுவாகத்தான் ஆறும். ஆகவே தீவில் பகலில் சுமார் 30, இரவில் சுமார் 24 டிகிரி. பெரிய ஏற்ற இறக்கமே இருக்காது.

‘30 டிகிரிதானே’ என்று சாதாரணமாக நினைக்காதீங்க. காற்றில் ஈரப்பதம் அதிகமாக இருந்தால் வியர்வை காயாது, உடம்பும் குளிராது. இதை உங்க வீட்டுப் பெரியவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 3 கிலோமீட்டருக்கும் கீழே போன சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், வெப்பத்தோடு ஈரப்பதமும் சேர்ந்துதான் தொழிலாளர்களை வாட்டியது. தீவில் அந்த அளவுக்கு இல்லை என்றாலும், நண்பகல் நடையைக் குறைத்து, தண்ணீரை அதிகமாகக் குடிங்க.

மழை எவ்வளவு?

கோலார் பகுதியில் செப்டம்பரும் அக்டோபரும்தான் அதிக மழை மாதங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதி என்பதால், ஜூன், ஜூலையில் நமக்குக் கிடைப்பது குறைவு. வருஷம் முழுக்கச் சேர்த்தாலும் 700 மில்லிமீட்டரை ஒட்டித்தான் வரும். அந்தமான் தலைநகர் ஸ்ரீ விஜயபுரத்தில் (பழைய பெயர் போர்ட் பிளேர்) வருஷத்துக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் பெய்கிறது. அங்கே செப்டம்பர், அக்டோபர் இரண்டு மாதங்களில் மட்டும் பெய்யும் மழை, ஏறக்குறைய நம்ம ஊரின் ஒரு வருஷ மழைக்குச் சமம்.

இதுக்காக நாள் முழுக்க ரூமிலேயே உட்கார வேண்டியிருக்கும் என்று அர்த்தமில்லை. அக்டோபரில் பல நாள் மழை ஒரு மணி நேரம் கொட்டிவிட்டு வெறித்துவிடும். அதே சமயம், ஒரு காற்றழுத்தத் தாழ்வு நிலை உருவாகிவிட்டால் ரெண்டு, மூணு நாள் விடாமல் பெய்யவும் கூடும்.

உண்மையான ரிஸ்க் எங்கே?

நனைவது பிரச்சினையே இல்லை. படகு நிற்பதுதான் பிரச்சினை. ஸ்வராஜ் தீவுக்குப் பெரும்பாலானோர் படகில்தான் போகிறார்கள். காற்று பலமாக வீசினால் சேவை நிறுத்தப்படும்.

தென்மேற்குப் பருவமழை விலகி வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபர், வங்கக்கடலில் புயல் சீசன். 2013-ல் பைலின், 2014-ல் ஹுத்ஹுத் இரண்டுமே அக்டோபர் 8 வாக்கில் அந்தமானைக் கடந்து, பிறகு வலுப்பெற்று, அக்டோபர் 12-ல் ஒடிசா, ஆந்திரக் கரைகளைத் தாக்கின. 2016 டிசம்பரில் மோசமான வானிலையால் ஹேவ்லாக், நீல் தீவுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் சிக்கிக்கொள்ள, கடற்படைக் கப்பல்கள் போய் மீட்டு வந்தன.

எந்தப் பக்கம் குளிக்கலாம்?

காற்றின் திசையைப் பாருங்க. புகழ்பெற்ற ராதாநகர் பீச் மேற்குப் பார்த்தது. தென்மேற்குக் காற்று நீடிக்கும் வரை அங்கே அலை அதிகம். காலாபத்தர் பீச் கிழக்குப் பார்த்தது. அந்த நாட்களில் கொஞ்சம் அமைதியாக இருக்கும். வடகிழக்குக் காற்று வந்துவிட்டால் கணக்கு தலைகீழ். எந்தப் பக்கமாக இருந்தாலும், உயிர்காக்கும் காவலர் ‘இறங்காதீங்க’ என்றால் இறங்காதீங்க. மழைத் தண்ணீர் கலங்கலாக ஓடி வருவதால் ஸ்கூபா டைவிங்கில் கடலடியும் தெளிவாகத் தெரியாமல் போகலாம்.

இன்னொரு விஷயம்: அந்தமானுக்கும் இந்திய நேரம்தான், ஆனா அது நமக்குக் கிழக்கே 14 டிகிரி தள்ளி இருக்கிறது. அக்டோபர் நடுவில் அங்கே சூரியன் மாலை 5 மணி வாக்கிலேயே மறைந்துவிடும். கே.ஜி.எஃப்-ல் அது நடக்க இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும். ஊர் சுற்றும் பிளானை காலை 6 மணிக்கே தொடங்குங்க.

அப்போ போகலாமா, வேண்டாமா?

போகலாம், இதையெல்லாம் கவனித்துக்கொண்டு:

• வெளித்தீவுகளை முதலில் முடிச்சிடுங்க. விமானத்துக்கு முந்தைய இரவு கட்டாயம் ஸ்ரீ விஜயபுரத்தில் தங்குங்க. படகு நின்றாலும் ஒரு நாள் கையில் இருக்கும்.

• முடிந்தவரை காலைப் படகையே புக் பண்ணுங்க. படகு, ஹோட்டல் ரெண்டிலும் ரத்தானால் பணம் திரும்ப வருமா என்பதை முன்பே படிங்க.

• கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே இந்திய வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையில் ‘அந்தமான் கடல்’, ‘காற்றழுத்தத் தாழ்வு’ என்ற வார்த்தைகள் வருதான்னு பாருங்க.

• ஆபீஸில் கூடுதலாக ஒரு நாள் லீவு கேட்டு வச்சுக்கோங்க.

கடன் வாங்கி, அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகும் ஒரே டிரிப் இது என்றால், ஜனவரி முதல் மார்ச் வரை காத்திருப்பதே நல்லது. அப்போது மழை குறைவு, கடலும் அமைதி. இந்த ஆயுத பூஜைக்கு ஊரிலேயே இருங்க. வங்கக்கடலில் உருவாகும் தாழ்வு நிலை கரை பக்கம் நெருங்கி வந்தால், அதே மழை நம்ம ஊர் ஏரிகளையும் கொஞ்சம் நிரப்பும்.