தரையில் நிற்கும் விமானி

விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்பேட்டைக்குச் செல்லும் சாலையில் மங்கலம்பேட்டை இருக்கிறது. அச்சாலை போய்ச் சேரும் உளுந்தூர்பேட்டையில், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமைக்கப்பட்ட விமான ஓடுதளம் ஒன்று உண்டு. பெரிய விமானம் ஏறி இறங்க அவ்வளவு நீளமான, கெட்டியான தளம் வேண்டும். ஆனால் 1 கிலோ எடையுள்ள மாதிரி விமானத்துக்கு, சம்பா அறுவடை முடிந்து காய்ந்து கிடக்கும் வயலே போதும்.

வானொலி அலைகளால் இயக்கப்படும் இத்தகைய மாதிரி விமானத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். கையில் ஒரு பெட்டி. அதில் இரண்டு குச்சிகள். குச்சியை அசைத்தால் வானத்தில் விமானம் திரும்புகிறது. பார்ப்பதற்கு எளிதாகத்தான் தோன்றும். ஆனால் யாருடைய உதவியும் இல்லாமல் ஓட்டத் தொடங்குபவர்களில் பலருடைய விமானம் முதல் நாளே தரையில் மோதி உடைகிறது. கருவியில் பழுதா? பெரும்பாலும் இல்லை. விமானம் சொன்னபடிதான் கேட்டிருக்கும். ஓட்டியவர் தவறாகச் சொல்லியிருப்பார். ஏன் அப்படிச் சொல்ல நேர்கிறது? அதைத் தெரிந்துகொண்டால் கற்பதில் பாதி வேலை முடிந்துவிடும்.

கையிலிருந்து இறக்கைக்கு

கம்பியில்லாமல் ஒரு பொருளை இயக்கலாம் என்பதை நிக்கோலா டெஸ்லா 1898-ஆம் ஆண்டில் நியூயார்க்கில் ஒரு சிறு படகை ஓட்டிக் காட்டினார். அமெரிக்காவைச் சேர்ந்த வால்டர் குட், வில்லியம் குட் என்னும் சகோதரர்கள் 1937-இல் ஒரு மாதிரி விமானத்தை வானொலி அலைகளால் பறக்கவிட்டார்கள். அது இன்று அந்நாட்டின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

நம் கையிலுள்ள பெட்டி அலைபரப்பி. விமானத்துக்குள் இருப்பது அலைவாங்கி. அலைவாங்கியோடு ‘சர்வோ’ எனப்படும் சிறு மோட்டார்கள் இணைக்கப்பட்டிருக்கும். சர்வோவுக்கு நொடிக்கு 50 முறை மின்துடிப்புகள் செல்கின்றன. துடிப்பின் நீளம் 1.5 மில்லி நொடியாக இருந்தால் சர்வோவின் கை நடுவில் நிற்கும். 1 மில்லி நொடியை நெருங்கினால் ஒரு பக்கமும், 2 மில்லி நொடியை நெருங்கினால் மறுபக்கமும் திரும்பும். அந்தக் கை, கம்பி ஒன்றின் வழியாக வாலிலோ இறக்கையிலோ உள்ள மடிப்புத் தகட்டை அசைக்கிறது. தகட்டில் காற்று மோதும் விதம் மாறுவதால் விமானம் திரும்புகிறது, ஏறுகிறது, இறங்குகிறது.

முற்காலத்தில் இதற்கு 27 மெகாஹெர்ட்ஸ் போன்ற அதிர்வெண்களைப் பயன்படுத்தினார்கள். ஒரே திடலில் இருவர் ஒரே அதிர்வெண்ணில் பெட்டியை இயக்கிவிட்டால் விமானம் யாருக்கும் அடங்காமல் விழுந்துவிடும். இன்றைய கருவிகள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைகளைப் பயன்படுத்துகின்றன. ஒவ்வொரு அலைவாங்கியும் தன்னுடைய அலைபரப்பியை மட்டும் அடையாளம் கண்டு கீழ்ப்படிகிறது. ஆகவே பழைய தொல்லை பெரிதும் நீங்கிவிட்டது. நீங்காமல் இருப்பது ஓட்டுபவரின் குழப்பம்தான்.

வலம் இடமாகும் விந்தை

மாட்டுவண்டி ஓட்டுபவர் மாடுகளுக்குப் பின்னால், அவை பார்க்கும் திசையையே பார்த்து உட்கார்ந்திருக்கிறார். மாட்டின் வலப்பக்கமே அவருக்கும் வலப்பக்கம். பெரிய விமானத்தின் விமானியும் அப்படித்தான். மாதிரி விமானத்தை ஓட்டுபவரோ தரையில் நிற்கிறார். விமானம் அவரை விட்டு விலகிச் செல்லும்போது தொல்லை இல்லை. அது திரும்பி அவரை நோக்கி வரும்போது, எதிரே நிற்பவரின் வலக்கை நமக்கு இடப்பக்கம் தெரிவதைப்போல, எல்லாம் மாறிவிடுகிறது. குச்சியை வலப்பக்கம் தள்ளினால் விமானம் நம் இடப்பக்கமாகப் போகிறது. பதற்றத்தில் இன்னும் அதிகமாக வலப்பக்கம் தள்ளுகிறோம். விமானம் இன்னும் சாய்ந்து, கீழ்நோக்கிச் சுழன்று விழுகிறது.

இதற்கு ஓர் எளிய வழி உண்டு. விமானம் உங்களை நோக்கி வரும்போது எந்த இறக்கை தாழ்ந்திருக்கிறது என்று பாருங்கள். அந்தப் பக்கமாகக் குச்சியைத் தள்ளுங்கள். தாழ்ந்த இறக்கைக்கு முட்டுக் கொடுப்பதாக நினைத்துக்கொண்டால் மறக்காது. வலமா இடமா என்று யோசிக்காமலே விமானம் நிமிர்ந்துவிடும்.

தானே நிமிரும் விமானம்

பழகுபவருக்கு ஏற்ற விமானம் போர் விமானத்தைப்போல இருக்கக்கூடாது. இறக்கை உடலுக்கு மேலே பொருந்தியிருக்க வேண்டும். இரண்டு இறக்கைகளும் நுனியை நோக்கிச் சற்றே மேல்நோக்கி உயர்ந்து, முன்னாலிருந்து பார்க்கும்போது விரிந்த ‘வி’ வடிவில் இருக்க வேண்டும். அதனால் என்ன பயன்? விமானம் ஒரு பக்கம் சாய்ந்தால், அந்தப் பக்கமாகச் சற்று வழுக்கிச் செல்லும். அப்போது தாழ்ந்த இறக்கையில் காற்று அதிகக் கோணத்தில் மோதுகிறது. அதன் தூக்குவிசை கூடுகிறது. இறக்கை தானே மேலெழுகிறது. குழம்பிப்போன மாணவர் குச்சியிலிருந்து விரலை எடுத்துவிட்டாலே இத்தகைய விமானம் மெல்ல நிமிர்ந்துகொள்ளும். பழகுபவர் முதலில் கற்க வேண்டிய வித்தை, குச்சியைக் குறைவாக அசைப்பதே.

ஈர்ப்பு மையமும் முக்கியம். இறக்கையின் அகலத்தில், முன்விளிம்பிலிருந்து கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரையுள்ள இடத்தில் விரல்களால் தாங்கினால் விமானம் சமமாக நிற்க வேண்டும். வால் கனத்திருந்தால், சிறிது அசைத்தாலும் விமானம் அளவுக்கு மீறித் துள்ளும். மூக்கு சற்றே கனத்திருப்பது தாழ்வில்லை.

காற்றின் ஏமாற்று வேலை

ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். அந்தக் காலத்தில் பழகத் தொடங்காதீர்கள். காற்று அடங்கிய தை, மாசி மாதக் காலை நேரம் நல்லது. ஆனால் இளங்காற்றும் ஏமாற்றும். எப்படி என்று பார்ப்போம்.

உங்கள் விமானம் காற்றைக் கிழித்துக்கொண்டு நொடிக்கு 12 மீட்டர் வேகத்தில் பறக்கிறது. காற்று நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வீசுகிறது என்று வைத்துக்கொள்வோம். எதிர்க்காற்றில் போகும்போது தரையிலிருந்து பார்க்கும் உங்களுக்கு அதன் வேகம் 12 – 5 = 7 மீட்டராகத் தெரியும். காற்றோடு போகும்போது 12 + 5 = 17 மீட்டராகத் தெரியும். “அடேயப்பா, என்ன வேகம்!” என்று மோட்டாரைக் குறைத்துவிடுவீர்கள். இறக்கைக்கு உங்கள் கணக்கு தெரியாது. தன்மேல் ஓடும் காற்றின் வேகத்தை மட்டுமே அது அறியும். அந்த வேகம் பாதியானால் தூக்குவிசை கால் பங்காகிறது. அதை ஈடுகட்ட மூக்கை மேலும் மேலும் உயர்த்தினால், இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் ஏறத்தாழ 15 பாகையைத் தாண்டியதும் காற்றோட்டம் இறக்கையை விட்டுப் பிரிந்து சிதறிவிடும். விமானம் தலைகுப்புறச் சாயும். இதற்கு ‘ஸ்டால்’ என்று பெயர். இதிலிருந்து மீள மூக்கைத் தாழ்த்தி, வேகத்தைக் கூட்ட வேண்டும். புறப்படுவதும் இறங்குவதும் எப்போதும் எதிர்க்காற்றில்தான் என்பதற்கும் இதுவே காரணம்: தரையில் குறைந்த வேகம்; இறக்கையில் போதுமான காற்று.

உயரம் என்பது நேரம்

தரையை ஒட்டிப் பறந்தால் ஆபத்து குறைவு என்று புதியவர் நினைக்கிறார். உண்மை இதற்கு நேர்மாறானது. 5 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு பொருள் தடையின்றி விழ 1 நொடிதான் ஆகும். 45 மீட்டர் உயரத்திலிருந்து விழ 3 நொடி ஆகும். நடந்தது என்ன என்று உணரவும், என்ன செய்வது என்று முடிவெடுக்கவும், விரலை அசைக்கவும் அந்த 3 நொடி வேண்டும். ஆகவே முதல் பாடங்களை உயரத்தில் படியுங்கள். நேராகப் பறப்பது, அகலமான வட்டம், பிறகு எட்டு வடிவம் என்ற வரிசையில் பழகுங்கள். திருப்பத்தில் 60 பாகை சாய்த்தால் இறக்கை இருமடங்கு எடையைச் சுமக்க வேண்டியிருக்கும், மென்மையாகவே திருப்புங்கள்.

தெரிந்தவர் ஒருவர் அருகில் இருப்பது மிக நல்லது. இரண்டு அலைபரப்பிகளை இணைத்து, மாணவர் தடுமாறும்போது ஆசிரியர் ஒரு பொத்தானால் விமானத்தைத் தன் வசம் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு. கணினியில் பறத்தல் பயிற்சி மென்பொருள்களும் இருக்கின்றன. அங்கே எத்தனை முறை விழுந்தாலும் செலவில்லை.

விளையாட்டுப் பொருள் அல்ல

1 கிலோ எடையுள்ள விமானம் நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் வரும்போது அதன் இயக்க ஆற்றல் 112.5 ஜூல். நாலு மாடி உயரத்திலிருந்து ஒரு கிலோ படிக்கல் விழுவதற்கு இது ஏறக்குறைய சமம். எனவே ஆட்கள், கால்நடைகள், சாலைகள், மின்கம்பிகள் உள்ள இடங்களில் பறக்கவிடக்கூடாது. மின்கம்பியில் சிக்கினால் கழியால் தட்டி எடுக்க முயலாதீர்கள், மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். ஆளில்லா விமானங்களுக்கான 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி வான்பரப்பு பச்சை, மஞ்சள், சிவப்பு எனப் பிரிக்கப்பட்டிருக்கிறது. பச்சைப் பகுதியின் பொதுவான உச்சவரம்பு 400 அடி. உங்கள் ஊர் எந்த நிறத்தில் இருக்கிறது என்பதைப் பெரியவர் ஒருவருடன் சேர்ந்து அரசின் வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் மாதிரி விமானக் கலை பயிற்சியின் ஒரு பகுதியாகவே இருக்கிறது. சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி. மாணவர்களின் ‘தக்‌ஷா’ குழு, 2018-இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றது.

நீங்களும் இன்றே தொடங்கலாம். பணம் வேண்டாம். 40 செ.மீ. நீளம், 8 செ.மீ. அகலமுள்ள தெர்மோகோல் இறக்கை ஒன்றை வெட்டி, மெல்லிய குச்சியில் பொருத்தி, சிறிய வால் வையுங்கள். இறக்கையின் முன்விளிம்பிலிருந்து 2 செ.மீ. தள்ளித் தாங்கினால் சமமாக நிற்கும்வரை மூக்கில் களிமண் ஒட்டுங்கள். இறக்கையைத் தட்டையாக வைத்தும், நுனிகளை உயர்த்தி வைத்தும் எறிந்து பார்த்து, எது தானே நிமிர்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதை நண்பரிடம் கொடுத்து, உங்களை நோக்கி நடந்து வந்தபடி ஏதாவது ஓர் இறக்கையைத் தாழ்த்தச் சொல்லுங்கள். நீங்கள் யோசிக்காமல் சரியான பக்கம் கையை நீட்டுகிறீர்களா? 20 முறையில் 20 முறையும் சரியாக நீட்டும் நாளில், உண்மையான குச்சியைத் தொட நீங்கள் தயார்.