இரவு 2 மணிக் கணினி
(துடிப்பு: தொடர் – 9)

இதயத்தில் துடிப்பு எங்கே தொடங்குகிறது என்பதைச் சென்ற வாரம் பார்த்தோம். மார்ட்டின் ஃபிளாக் என்ற மருத்துவ மாணவர் 1906 கோடையில் அந்த இடத்திலுள்ள முடிச்சைக் கண்டார். இடம் தெரிந்துவிட்டது. சாவி கொடுக்க ஆளில்லாமல் அது எப்படி ஓடிக்கொண்டே இருக்கிறது? அரை நூற்றாண்டுக்குப் பிறகு இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தவரும் ஒரு மாணவர்தான். பெயர் டெனிஸ் நோபிள், லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் முனைவர் பட்ட ஆய்வாளர்.

அவருக்கு வழிகாட்டி ஓட்டோ ஹட்டர். நாஜிகளிடமிருந்து தப்பி, 1938-ல் வியன்னாவிலிருந்து 14 வயதில் ரயிலேறி இங்கிலாந்துக்கு வந்தவர்.

நரம்பில் மின்துடிப்பு எப்படி ஓடுகிறது என்பதை ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரு ஆய்வாளர்கள் 1952-லேயே சமன்பாடுகளாக எழுதிவிட்டார்கள். கேம்பிரிட்ஜ் கணினி அப்போது மாற்றியமைக்கப்பட்டுக்கொண்டு இருந்ததால், கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் கணக்குப் போடும் இயந்திரத்தில் ஹக்ஸ்லி அத்தனையையும் போட்டு முடித்தார். நரம்பின் துடிப்பு ஏறக்குறைய ஒரு மில்லி விநாடியில் முடிந்துவிடும், அதனால் தப்பித்தார். அதே வழியில் இதயத்துக்கும் சமன்பாடு எழுத நினைத்தார் நோபிள். இதயச் செல்லின் மின்துடிப்போ சில நூறு மில்லி விநாடி நீளும். கைப்பிடியைச் சுற்றினால் நோபிளின் படிப்பு அதிலேயே முடிந்திருக்கும்.

லண்டன் பல்கலைக்கழகத்திடம் மெர்க்குரி என்றொரு கணினி இருந்தது. கண்ணாடி வால்வுகளும் துளையிட்ட காகித நாடாவுமாக அறையை அடைத்து நிற்கும் இயந்திரம். கணிதமும் தெரியாது, நிரல் எழுதவும் தெரியாது என்று முதலில் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பொறியியல் மாணவர்களுக்கான கணித வகுப்பில் போய் உட்கார்ந்து படித்துவிட்டு மறுபடி வந்தார். சமன்பாடுகளைப் பார்த்தவர்கள், இதில் ஊசலாட்டத்தை உண்டாக்கும் பகுதி எங்கே என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அப்படியொரு பகுதி அதில் இல்லவே இல்லை.

ஒருவழியாக நேரம் கொடுத்தார்கள்: நள்ளிரவு 2 மணி முதல் 4 மணி வரை. அது முடிந்ததும் நேராக ஆட்டுத்தொட்டிக்கு. விடிவதற்குள் ஆட்டின் இதயத்தை வாங்கிக்கொண்டு ஆய்வகம் திரும்ப வேண்டும். இதய அறையின் உட்சுவரில் வெண்மையாக ஓடும் பர்க்கின்ஜி நார்களைப் பிரித்தெடுத்து, கண்ணுக்குத் தெரியாத நுனி கொண்ட கண்ணாடி மின்முனையைச் செல்லுக்குள் செருகி அளப்பது பகல் வேலை. தூங்கியது எப்போது என்பது தனி ஆராய்ச்சி.

அளந்ததில் ஒன்று தெரிந்தது. நரம்பு தூண்டப்பட்டால் பொட்டாசியம் வெளியேறும் வழி திறக்கும். இதயச் செல்லிலோ ஒரு பொட்டாசிய வழி திறக்காமல் அடைபடுகிறது. அதனால்தான் துடிப்பு நீளுகிறது. இன்னொரு வழி தாமதமாகத் திறந்து துடிப்பை முடிக்கிறது; பிறகு மெல்ல மெல்ல மூடுகிறது. தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும் தொட்டியில் வெளிக்குழாய் அடைபட அடைபட நீர்மட்டம் ஏறுமே, அதுபோல மின்னழுத்தம் ஏறுகிறது. எல்லையைத் தொட்டதும் அடுத்த துடிப்பு. இத்தனையும் சமன்பாட்டில் போட, மெர்க்குரி வெளியிட்ட எண்களில் இதயம் தானாகத் துடித்தது. கடிகாரம் என்று தனியாக எதுவும் தேவைப்படவில்லை. ‘நேச்சர்’ இதழ் 1960 நவம்பரில் வெளியிட்டபோது நோபிளுக்கு 23 வயது.

அதில் ஒரு பிழை இருந்தது. தொட்டி நிரம்ப, வெளிக்குழாய் அடைபடலாம். உள்குழாய் திறக்கவும் செய்யலாம். மட்டத்தை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஆக்ஸ்ஃபோர்டில் ஹிலரி பிரவுன், டாரியோ டிஃபிரான்செஸ்கோ, சூசன் நோபிள் மூவரும் முயலின் இதய முடிச்சில் உள்நோக்கி ஓடும் மின்னோட்டம் ஒன்றைப் பற்றி 1979-ல் எழுதினார்கள். மற்றவை தூண்டலில் திறக்க, இது செல் ஓய்வுக்குத் திரும்பும்போது திறந்தது. அதனால் அதற்கு ‘வேடிக்கை மின்னோட்டம்’ என்றே பெயர் விழுந்தது. பர்க்கின்ஜி நாரிலும் நடப்பது இதுதான் என்று 1981-ல் டிஃபிரான்செஸ்கோ காட்டினார். நோபிள் வெளிக்குழாய் என்று எழுதியது உள்குழாய்!

சூசன், டெனிஸ் நோபிளின் மனைவி. நோபிளோ முறைத்துக்கொண்டு நிற்கவில்லை. டிஃபிரான்செஸ்கோவோடு சேர்ந்து 1985-ல் சமன்பாடுகளைத் திருத்தி எழுதினார்.

வேடிக்கை மின்னோட்டத்தை அடக்கி நாடித்துடிப்பைக் குறைக்கும் மாத்திரை ஒன்று 2005-ல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது. உங்கள் வீட்டில் இதய நோயாளி யாராவது இருந்தால், மருந்துச் சீட்டில் ஐவாபிராடின் என்ற பெயர் இருக்கிறதா என்று பார்த்து வையுங்கள். அடுத்த வாரம் அதன் கதைதான்.