சின்ன டிஜிட்டல் கேமரா: பலமும் பலவீனமும் ஒரே இடத்தில்

கல்வெட்டு, சிற்பம், பழைய காசு என்று சுற்றுகிற நண்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "எஸ்எல்ஆர் வாங்கியே ஆகணுமா, இல்ல பாக்கெட்ல போடுற சின்ன கேமராவே போதுமா?" நாம் போகும் இடங்கள் பலவற்றுக்கு இரண்டாவது முறை போக வாய்க்காது. அடுத்த முறை போவதற்குள் திருப்பணி என்ற பெயரில் சுவரில் பெயிண்ட் அடித்திருப்பார்கள். அதனால் கேள்வி நியாயமானதுதான்.

"போதும்" என்று சொல்லிவிடலாம். ஆனால் எதற்குப் போதும், எதற்குப் போதாது என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அது புரிந்துவிட்டால் எந்த மாடலைப் பார்த்தாலும் நீங்களே முடிவுசெய்யலாம்.

உதாரணத்துக்கு நான் பயன்படுத்தும் கேனான் பவர்ஷாட் ஏ590 ஐஎஸ் கேமராவையே எடுத்துக்கொள்கிறேன். 2008-ல் வந்தது. 8 மெகாபிக்சல், 4 மடங்கு ஆப்டிகல் ஜூம், கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஐஎஸ் வசதி, இரண்டு ஏஏ பேட்டரி. விலை அதிகமில்லாத வரிசையில் வந்த சாதாரணக் கேமராதான்.

விஷயம் சென்சாரில் இருக்கிறது

இதன் சென்சார் 1/2.5 அங்குலம் என்று போட்டிருப்பார்கள். அது பழைய வீடியோ குழாய்க் காலத்துக் கணக்கு, அதை நம்பி ஸ்கேல் வைத்து அளக்க முடியாது. உண்மையான அளவு ஏறக்குறைய 5.76 x 4.29 மி.மீ. அதாவது சுமார் 25 சதுர மில்லிமீட்டர், சட்டைப் பொத்தானை விடச் சிறியது. கேனானின் விலை குறைந்த எஸ்எல்ஆர்களில் இருக்கும் சென்சார் 22.2 x 14.8 மி.மீ., அதாவது சுமார் 329 சதுர மில்லிமீட்டர். பதின்மூன்று மடங்கு வித்தியாசம்! இந்தக் கேமராவின் நல்லதும் கெட்டதும் பெரும்பாலும் இந்த ஒரே எண்ணிலிருந்துதான் வருகின்றன.

முதலில் நல்லது. சென்சார் சின்னதாக இருப்பதால் லென்சும் சின்னதாக இருக்கலாம். ஃபிலிம் கேமராவில் 35 முதல் 140 மி.மீ. லென்ஸ் செய்கிற வேலையை இதில் 5.8 முதல் 23.2 மி.மீ. லென்ஸ் செய்துவிடுகிறது. அதனால்தான் பாக்கெட்டில் அடங்குகிறது. கோபுரத்தின் இரண்டாம் நிலையில் இருக்கும் சிற்பத்தைத் தரையிலிருந்தே ஜூம் செய்து எடுக்கலாம்.

இரண்டாவது, ஃபோகஸ் ஆழம். படத்தில் எவ்வளவு தூரத்துக்குப் பொருட்கள் தெளிவாக விழுகின்றன என்பதைத்தான் அப்படிச் சொல்கிறோம். இந்தக் கேமராவில் எஃப் 2.6 என்று முழுதாகத் திறந்து எடுத்தாலும், ஃபிலிம் கேமராவில் எஃப் 16 வைத்து எடுத்த அளவுக்கு ஆழம் கிடைக்கும். உருண்டைத் தூணைச் சுற்றி ஓடும் கல்வெட்டை எடுக்கும்போது நடுவிலிருக்கும் எழுத்தும் ஓரத்திலிருக்கும் எழுத்தும் சேர்ந்தே தெளிவாக விழும். இதே காரணத்தால், பின்னணி கலங்கி முகம் மட்டும் தெளிவாகத் தெரிகிற கல்யாண ஆல்பம் மாதிரிப் படம் இதில் வராது. ஆவணப்படுத்துகிறவருக்கு வரம், போர்ட்ரெய்ட் எடுக்கிறவருக்குச் சாபம்.

இருட்டில் தடுமாறும்

இப்போது கெட்டது. பரப்பு பதின்மூன்றில் ஒரு பங்கு என்றால், அதே எஃப் எண்ணில் அதே ஷட்டர் வேகத்தில் சேரும் மொத்த ஒளியும் பதின்மூன்றில் ஒரு பங்குதான். ஐஎஸ்ஓ 1600 வரை போட்டிருக்கிறார்கள். நடைமுறையில் 80-ம் 100-ம் அருமை, 200 நன்று, 400 பரவாயில்லை. அதற்கு மேல் போனால் ரவை தூவினதுபோல் புள்ளிகள். அதை மறைக்கக் கேமராவே படத்தை வழித்துவிடும். அப்போது கல்லின் சொரசொரப்பும் மெல்லிய எழுத்துக் கீறலும் சேர்ந்தே போய்விடும்.

ஜூம் செய்தால் நிலைமை இன்னும் மோசம். விரிகோணத்தில் எஃப் 2.6 ஆக இருந்தது முழு ஜூமில் எஃப் 5.5 ஆகிவிடும். உள்ளே வரும் ஒளி நான்கில் ஒரு பங்கைவிடவும் குறையும். ஆகவே இருட்டு மண்டபத்தில் ஜூம் செய்யாமல் பக்கத்தில் நடந்து போவதே மேல். ஐஎஸ் இருக்கிறதே என்று கேட்கலாம். அது உங்கள் கை நடுங்குவதைத்தான் சமாளிக்கும். ஓடுகிற குழந்தையை அது நிறுத்தி வைக்காது.

வெயிலிலும் ஒரு சிக்கல் உண்டு. சின்னப் பிக்சல் சீக்கிரம் நிரம்பிவிடும். உச்சிவெயிலில் வெள்ளை வேட்டி, சுண்ணாம்பு பூசிய சுவர் எல்லாம் விவரமே இல்லாமல் வெளுத்துவிடும். வெளுத்த இடத்தை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. எக்ஸ்போஷரை -2/3 அளவுக்குக் குறைத்து எடுத்தால், நிழல் கொஞ்சம் கறுத்தாலும் பின்னால் ஏற்றிக்கொள்ளலாம்.

மெகாபிக்சல் மாயை

8 மெகாபிக்சல் என்றால் குறுக்கே 3264 பிக்சல்கள். 5.76 மி.மீ.யை அதால் வகுத்தால் ஒரு பிக்சலுக்கு ஏறத்தாழ 1.8 மைக்ரான். ஆனால் ஒளி ஒரு சின்னத் துளை வழியாகப் போகும்போது விளிம்பில் சிதறும். எஃப் 5.5-ல் ஒரு புள்ளி ஒளி சென்சாரில் ஏழு மைக்ரானுக்கும் மேல் விட்டமுள்ள வட்டமாக விழுகிறது. அதாவது நான்கு பிக்சல் அகலம். லென்ஸ் எவ்வளவு உசத்தியானாலும் இயற்பியல் விதி இதுதான். எனவே இதே சென்சாரில் 12, 14 மெகாபிக்சல் என்று திணித்தாலும் முழு ஜூமில் கூடுதல் விவரம் பெரிதாக ஒன்றும் வராது. ஃபைல் அளவுதான் ஏறும். கடைக்காரர் மெகாபிக்சல் கணக்குச் சொன்னால் சென்சார் என்ன அளவு என்று திருப்பிக் கேளுங்கள்.

மற்றவை

சென்சாரோடு நேரடித் தொடர்பு இல்லாத சில குறைகளும் உண்டு. பட்டனை அழுத்தியதற்கும் படம் விழுவதற்கும் நடுவே ஒரு தாமதம் இருக்கும். பாதி அழுத்தி ஃபோகஸ் பிடித்து வைத்துக்கொண்டு, சரியான நேரத்தில் மீதியை அழுத்தினால் தாமதம் வெகுவாகக் குறையும். ஃபிளாஷ் லென்சுக்கு மிக அருகில் இருப்பதால் மனிதர்களை எடுத்தால் சிவப்புக் கண். கல்வெட்டை எடுத்தால் எழுத்துப் பள்ளங்களில் நிழலே விழாமல் கல் வெறும் பலகையாகத் தெரியும். ஃபிளாஷை அணைத்துவிட்டு முக்காலியில் வையுங்கள். ஐஎஸ்ஓ 80, இரண்டு வினாடி டைமர், பக்கவாட்டிலிருந்து சாய்வாக ஒரு டார்ச் வெளிச்சம். இப்போது எழுத்து எழுந்து நிற்கும். இருட்டில்கூட இது வேலை செய்யும். கல் நகராதல்லவா!

ஏஏ பேட்டரி ஒரு பெரிய வசதி. எந்த ஊர்ப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். ஆனால் கடிகாரத்துக்குப் போடும் மலிவு பேட்டரி சில படங்களிலேயே படுத்துவிடும். ரீசார்ஜ் செய்யும் நிக்கல் பேட்டரி இரண்டு ஜோடி வைத்துக்கொள்வது நல்லது.

மென்பொருள்காரனாக எனக்குப் பிடித்த விஷயம் சிஎச்டிகே. ஆர்வலர்கள் கேனான் சின்னக் கேமராக்களுக்காக எழுதிய இலவச மென்பொருள். எஸ்டி கார்டில் ஏற்றினால் அங்கிருந்தே ஓடும், கேமராவின் சொந்த ஃபர்ம்வேரை அழிக்காது. கேமரா வழித்துவிடாத ரா படம், ஹிஸ்டோகிராம், குறிப்பிட்ட இடைவெளியில் தானாகப் படமெடுக்கும் ஸ்கிரிப்ட் எல்லாம் இதில் கிடைக்கும். கேனான் தந்ததல்ல என்பதால் பொறுப்பு நம்முடையது.

கைபேசி இருக்க இது எதற்கு?

சாதாரண வெளிச்சத்தில் இன்றைய நல்ல கைபேசி இதைத் தோற்கடித்துவிடும். அதன் சென்சாரே இப்போது இதைவிடப் பெரிதாக இருக்கிறது. அதோடு பல படங்களைச் சேர்த்து ஒரே படமாக்குகிறது. எனக்குத் தயக்கம் வருவது அங்கேதான். தேய்ந்த எழுத்தைக் கைபேசி கூர்மையாக்கிக் காட்டும்போது, அந்தக் கோடு கல்லில் இருந்ததா, மென்பொருள் போட்டதா என்று சொல்வது கடினம். ஒரு கொம்பு, ஒரு சுழி மாறினால் கல்வெட்டின் வாசகமே மாறிவிடும். சின்னக் கேமராவும் ஜேபெக் படத்தில் கொஞ்சம் மெருகூட்டத்தான் செய்கிறது. ஆனால் ரா எடுத்து வைத்தால் சந்தேகம் வரும்போது சென்சார் உண்மையில் என்ன பார்த்தது என்று திரும்பிப் போய்ப் பார்க்கலாம். கைபேசியில் ரா வசதி இருந்தால் அதையும் இப்படியே பயன்படுத்தலாம்.

ஆக, அசையாத பொருள், போதிய வெளிச்சம் அல்லது ஒரு முக்காலி, இவை இருந்தால் சின்னக் கேமரா தாராளமாகப் போதும். பழைய கேமரா அலமாரியில் கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள். இரவுத் திருவிழா, நாட்டியம், பறக்கிற பறவை என்றால் பெரிய சென்சாருக்குக் காசு சேர்க்கத்தான் வேண்டும்.